மணி என்னன்னு கேட்டா எந்திரிச்சுருவான்

எங்க வீட்டு நாய் பேரு மணி. இவன் ஒரு நாள் என்கூட வேலைக்கு வருவான்னு அப்பவே தெரிஞ்சிருந்தா சத்தியமா வேற பேரு வச்சிருப்பேன். நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம், இடுப்பு எலும்பு முறிவு, மறதி நோய்னு மாசக்கணக்குல தங்கி ரீஹேப் எடுத்துக்கறவங்க இருக்கற எடத்துல வேலை. அங்க ஒரு நாளைக்கு அதிகமா காதுல விழற கேள்வி "மணி என்ன?"ங்கறதுதான். சாப்பாடு எப்ப வரும், மகன் எப்ப வருவான், மாத்திரை எப்ப, எல்லாமே அந்தக் கேள்விக்குள்ள வந்துரும். ஒவ்வொரு தடவையும் இவன் காதைத் தூக்கி, தன்னத்தான் கூப்பிடறாங்கன்னு எந்திரிச்சு நிப்பான்.

ஆரம்பத்துல எனக்கு ரொம்ப கான்ஃபிடன்ஸ். லாப்ரடார் கலப்பு, ரெண்டரை வயசு, யாரப் பாத்தாலும் வாலாட்டுவான், உக்காருன்னா உக்காருவான், கை குடுன்னா கை குடுப்பான். இவனை தெரபி டாக் ஆக்கற ட்ரெயினிங் முக்காவாசி முடிஞ்சிருச்சு, மிச்சம் ஒரு ரெண்டு மாசம்னு கணக்குப் போட்டேன். கடைசியில ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுல நாலு மாசம் நான் சொல்லிக் குடுத்ததை மறக்க வைக்கறதுலயே போச்சு, அந்தக் கதைக்கு அப்புறம் வரேன்.

நிறைய பேர் குழப்பிக்கறதால ஒன்னு சொல்லிடறேன். பார்வை இல்லாதவங்களுக்கு வழி காட்டற நாய், வலிப்பு உள்ளவங்க கூடவே இருக்கற நாய் எல்லாம் சர்வீஸ் டாக், அது ஒரே ஒரு ஆளுக்காகப் பழக்கினது. தெரபி டாக்ங்கறது நம்ம வீட்டு நாய்தான், நம்ம கூட வந்து மத்தவங்களுக்கு ஆறுதலா இருந்துட்டு நம்ம கூடவே வீட்டுக்குத் திரும்பற நாய். எங்க வேணா நுழையற உரிமையெல்லாம் அதுக்குக் கெடையாது, உள்ள இருக்கறவங்க சரின்னு சொன்னாதான் போக முடியும்.

அந்த சரியை வாங்கறதுக்கு நான் ஒரு ஃபைலே ரெடி பண்ணிட்டுப் போனேன். நியூயார்க்ல இருந்த போரிஸ் லெவின்சன்ங்கற குழந்தைகள் மனநல நிபுணர்கிட்ட, யார்கிட்டயும் ஒட்டாத ஒரு பையனை சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கூட்டிட்டு வந்துட்டாங்களாம், அன்னிக்குன்னு பாத்து அவரோட நாய் ஜிங்கிள்ஸ் ரூம்ல இருந்திருக்கு, பையன் டாக்டர விட்டுட்டு நாய்கூட ஒட்டிக்கிட்டான், அதை வச்சு அவர் 1962ல நாயை துணை சிகிச்சையாளர்னே சொல்லி கட்டுரை எழுதினார். அப்புறம் எலைன் ஸ்மித்னு ஒரு நர்ஸ், இங்கிலாந்துல வேலை பாக்கும்போது ஒரு பாதிரியார் கோல்டன் ரெட்ரீவரோட ஆஸ்பத்திரிக்கு வர்றதையும் பெட்ல கெடக்கறவங்க முகம் மாறுறதையும் பாத்துட்டு, அமெரிக்கா திரும்பி 1976ல தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனல் ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் வச்சு பத்து பக்கம். எங்க நிர்வாகி பொறுமையா புரட்டிப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரிம்மா, உள்ள ஒன்னுக்குப் போயிட்டா யாரு தொடைப்பா?" நான்தான் சார்னு சொன்னேன், கையெழுத்துப் போட்டுட்டார். (ஒன்றரை வருஷத்துல ஒரு தடவைகூட போகல. நான் மட்டும் இன்னிக்கு வரைக்கும் பையில துணியும் ஸ்ப்ரேயும் வச்சுட்டு அலையறேன்.)

ட்ரெயினிங்ல ரொம்ப கஷ்டமானது எதுன்னு கேட்டா, சும்மா இருக்கக் கத்துக் குடுக்கறதுதான். பொதுவா நாய்க்கு ஏதாவது செய்யத்தான் சொல்லித் தருவோம், ஓடு, எடு, வா, குதி. இங்க வேலையே சும்மா இருக்கறது. வாக்கர் இழுத்துட்டுப் போவாங்க, வீல்சேர் பக்கத்துல வந்து நிக்கும், ஒருத்தர் வலில கத்துவார், ஒரு பாட்டி காதைப் புடிச்சு முறுக்கும், அத்தனைக்கும் நடுவுல பாய்ல படுத்தபடியே கெடக்கணும். இதைக் கமாண்டா சொல்லிக் குடுத்தா வேலைக்காகல. படுன்னா படுப்பான், ஆனா ஸ்ப்ரிங் மாதிரி, அடுத்த ஆர்டருக்குக் காத்துட்டு. அதனால வீட்டுல அவனா எப்ப படுத்து, இடுப்பை ஒரு பக்கமா சாய்ச்சு, பெருமூச்சு விடறானோ அப்ப ஒரு வார்த்தையும் பேசாம போய் ரெண்டு முன்னங்காலுக்கு நடுவுல ஒரு ட்ரீட்டை வச்சுட்டு வந்துருவேன். அவ்வளவுதான் பாடம். மூனு வாரத்துல அந்தப் பாயை விரிச்சாலே பெருமூச்சு விட ஆரம்பிச்சுட்டான், கொஞ்சம் நடிப்பும் உண்டு.

கீழ விழுந்ததைத் தொடாம இருக்கறது இன்னொன்னு, இதுல சமரசமே கெடையாது. வார்டு தரையில மாத்திரை உருளும், அதை நாங்களே பல தடவை பாத்திருக்கோம். நமக்கு சாதாரணமா தர்ற ஐப்யூப்ரோஃபென் நாயோட வயித்தையும் கிட்னியையும் கெடுத்துரும். அதனால முதல்ல உள்ளங்கையில ட்ரீட், அப்புறம் தரையில ட்ரீட், அப்புறம் காலி கேப்ஸ்யூல் கூடு, அப்புறம் நடந்து போகும்போது திடீர்னு எதிர்ல விழற கேப்ஸ்யூல் கூடுன்னு படிப்படியா போனோம். தரையில கெடக்கறதை விட்டுட்டு என் முகத்தைப் பாத்தா, கையில இருக்கற அதைவிட நல்லது கெடைக்கும். இப்ப ஏதாவது விழுந்தா சத்தம் கேட்ட உடனே என்னைத்தான் பாக்கறான்.

இப்ப அந்த கை குடுக்கற கதை.

முதல் டெஸ்ட்ல நாங்க ஃபெயில். அமெரிக்கன் கென்னல் கிளப் 1989ல இருந்து நடத்தற கேனைன் குட் சிட்டிசன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, தெரியாத ஆள் வந்து பேசும்போது அமைதியா இருக்கறது, தடவ விடறது, லீஷை இழுக்காம நடக்கறது, கூட்டத்துக்குள்ள போறது, இன்னொரு நாயைக் கண்டுக்காம இருக்கறதுன்னு மொத்தம் பத்து ஐட்டம். எங்களுக்கு வச்சது அதே மாதிரி, கூட வீல்சேர், வாக்கர், ஊன்றுகோல் எல்லாம் சேத்து. ஓனர் வெளிய போய் மூனு நிமிஷம் நாய் அந்நியர் கூட இருக்கணும்ங்கறதுதான் எனக்கு பயம், ஆனா திரும்பி வந்து பாத்தா டெஸ்ட் எடுத்த அந்தம்மா கூட என்னைவிட சந்தோஷமா இருந்தான், எனக்கே லேசா பொறாமை. ஒன்பது ஐட்டம் ஜம்முன்னு போச்சு. கடைசியா அந்தம்மா வீல்சேர்ல உக்காந்து கையை மடியில வச்சாங்க. நம்ம ஆளு போய் உக்காந்தான், அழகா தலையைச் சாய்ச்சான், டபக்குனு கை குடுத்தான். நகம் அவங்க முழங்கைல ஒரு கோடு இழுத்துருச்சு.

அவங்க சிரிச்சுட்டேதான் எழுதினாங்க. எனக்குத்தான் உறைச்சுது, ஏன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், தெனமும் அந்தத் தோலைத் தொடற ஆள் நான். எம்பது வயசுத் தோல் ஈரமான டிஷ்யூ பேப்பர் மாதிரி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்கன்னா லேசா கீறினாலே பெரிய நீலமாயிரும். வீட்டுக்கு வர்றவங்க கைதட்டி ரசிச்ச வித்தை அங்க ஒரு காயம்.

மறக்க வைக்க நாலு மாசம். வேணாம்னு திட்டினா வேலைக்காகாது, அதுக்கு பதில் வேற ஒன்னு குடுக்கணும். நான் தாடையை வைக்கறதைத் தேர்ந்தெடுத்தேன், மடியில இல்லன்னா உள்ளங்கையில தாடையை வச்சா காலைத் தூக்கறது கஷ்டம். காலைத் தூக்கினா என் கை பின்னாடி போயிரும், ஒன்னும் நடக்காது. தாடை வந்தா ட்ரீட். முதல் பத்து நாள் இன்னும் மோசமாச்சு, ஒரு கை குடுத்தா வேலைக்காகல போலன்னு ரெண்டு கையும் குடுத்தான், சோஃபாவுக்குக் குடுத்தான், கதவுக்குக் குடுத்தான். இப்படி ஒரு கட்டம் வரும்னு படிச்சிருந்தாலும் நேர்ல பாக்கும்போது தாங்கல. நடுவுல எங்கப்பா வேற யாரும் இல்லாதப்ப "பாவம்டா, எனக்கு மட்டும் குடு"ன்னு கை வாங்கிட்டிருந்திருக்கார், அதுல ஒரு மாசம் போச்சு. ரெண்டாவது டெஸ்ட்ல பாஸ்.

வேலைக்கு வர்ற நாளோட ரொட்டீன் தனி. முந்தின நாள் குளியல், நகத்தை வெட்டி ராவி மழமழன்னு ஆக்கறது, தடுப்பூசி, குடற்புழு மருந்து ரெக்கார்டு எல்லாம் கையில. பச்சைக் கறி குடுக்கறதில்ல, அதுல வர்ற கிருமி நாய்க்கு ஒன்னும் பண்ணாட்டியும் எச்சில், மலம் வழியா படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்குப் போயிரும். தொடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எல்லாரும் கை ஜெல் போடணும். திறந்த காயம் இருந்தாலோ எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்தாலோ அந்த ரூம் கெடையாது. அப்புறம், முன்கூட்டியே கேக்காம எந்த ரூமுக்குள்ளயும் கால் வைக்கக் கூடாது. எங்க ஹவுஸ்கீப்பிங் அக்கா ஒருத்தங்களுக்கு நாய்னா உயிர் பயம், சின்ன வயசுல கடி வாங்கினவங்க. இவன் வர்ற நாள்ல அவங்க இன்னொரு மாடியில வேலை பாப்பாங்க, லிஸ்ட் பாத்து நேரத்தை மாத்திக்கறோம். "பழகிருங்கக்கா, சரியாயிரும்"னு சொன்னவங்களை நான் வாயை மூடச் சொன்னேன். இன்னிக்கும் அவங்களுக்கு பயம்தான், இருக்கட்டும்.

வேலையில என்ன பிரயோஜனம்னு கேப்பீங்க. ஒரு ஐயா, பக்கவாதம் வந்து வலது கை வீக். கை திரும்ப வரணும்னா ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப செய்யணும், நூத்துக்கணக்குல. நான் குச்சி எடுத்துப் பலகை ஓட்டையில சொருகற வேலையைக் குடுத்தேன். எட்டு குச்சியோட தள்ளி வச்சுட்டு, "நான் என்ன எல்கேஜி பையனா?"ன்னார், அவர் கேட்டதுலயும் தப்பில்ல. மணி வந்தப்புறம் உள்ளங்கையில பட்டை கட்டி ப்ரஷ்ஷை சொருகிட்டேன், தோள்ல இருந்து வால் வரைக்கும் வாரணும். முதல் நாளே நாப்பது தடவை, நான் எண்ணிட்டிருந்தது அவருக்குத் தெரியாது. "இந்தப் பக்கம் இன்னும் சிக்கு இருக்கு"ன்னு அவரே திட்டிட்டே வாரினார். நாய் வந்து குணமாக்கிருச்சுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், அந்தக் கையைக் கொண்டு வந்தது அத்தனை தடவை வாரினது. ஆனா அத்தனை தடவை வாரறதுக்கு ஒரு காரணம் வேணும்ல, அது பாய்ல பெருமூச்சு விட்டுட்டுக் கெடந்துச்சு.

தப்பு ஒன்னு பண்ணேன், அதையும் எழுதிடறேன். ஒரு நாள் வெளியில இருந்து விருந்தினர்கள், ஃபோட்டோ, எல்லாருக்கும் மணி கூட ஒன்னு வேணும். வழக்கமா இருபது நிமிஷம் வேலை, அப்புறம் வெளிய ஒரு நடை. அன்னிக்கு அம்பது நிமிஷம் நிறுத்தி வச்சேன். கொட்டாவி விட்டான், தூக்கம்னு நெனச்சேன். நாக்கால உதட்டை நக்கினான், தாகம்னு நெனச்சேன். முகத்தைத் திருப்பி வெள்ளை முழி தெரிய ஓரமா பாத்தான், அப்பவும் கேமராவைப் பாருடான்னு தாடையைத் திருப்பி விட்டேன். நார்வேக்கார ட்ரெயினர் டூரிட் ருகாஸ் இந்த சைகைகளைத்தான் காமிங் சிக்னல்ஸ்னு பேரு வச்சு விளக்கியிருக்காங்க, எனக்கு அந்த லிஸ்ட் மனப்பாடம், ஸ்டாஃபுக்கு க்ளாஸே எடுத்திருக்கேன். பெருமை கண்ணை மறைச்சுருச்சு. அப்ப பார்த்து பின்னாடி ஸ்டீல் பெட்பேன் ஒன்னு டைல்ஸ்ல விழுந்து சுத்தி சுத்தி அடங்குச்சு. வேற நாளா இருந்தா திரும்பிப் பாத்துட்டு விட்டிருப்பான், அந்த சத்தத்தை ரெக்கார்டு பண்ணி சின்னதா வச்சு பழக்கினவன்தான். அன்னிக்கு வயித்தைத் தரையில ஒட்டிட்டு சேருக்கு அடியில போயிட்டான்.

அடுத்த தடவை வாசல் வரைக்கும் வந்துட்டு நின்னுட்டான். இழுக்கல. ஆறு வாரம், முதல்ல பார்க்கிங், அப்புறம் வாசப்படி, அப்புறம் கதவு திறந்திருக்கற காரிடார்னு, ஒவ்வொரு எடத்துலயும் ட்ரீட் குடுத்துத் திரும்பி வந்துருவோம். ஏழாவது வாரம் அவனா உள்ள நடந்தான். இப்ப வாட்ச்ல இருபது நிமிஷத்துக்கு அலாரம், யார் வந்து நின்னாலும் அடிச்சா கிளம்பிருவோம்.

மறதி நோய் இருக்கற ஒரு பாட்டி ரூம்லதான் எப்பவும் கடைசியா முடிப்போம். பத்து நிமிஷத்துல நாலஞ்சு தடவை "மணி என்ன பாப்பா?"ன்னு கேப்பாங்க. முன்னாடி எல்லாம் நான் பத்தே கால்மா, பத்து இருபதும்மான்னு சொல்லிட்டிருந்தேன், அது அவங்க காதுல விழுந்து எங்கயும் தங்காது, கேள்வி இன்னும் கொஞ்சம் பதட்டமா திரும்ப வரும். இவன் பேருதான் மணின்னு எத்தனை தடவை சொன்னாலும் அவங்களுக்கு அது புதுசு. போன வாரம் இவன் பாய்ல, நான் பாட்டி முட்டியை மடக்கி நீட்டிட்டிருக்கேன். "மணி என்ன?" எந்திரிச்சான், நாலடி நடந்து தாடையை அவங்க மடியில வச்சான். அந்தக் கை தானா அவன் மண்டைக்குப் போச்சு, கேள்வி நின்னுருச்சு. நான் பாய்க்குப் போன்னு சைகை காட்டினேன், போய் படுத்தான். கொஞ்ச நேரத்துல மறுபடியும் மணி என்ன, மறுபடியும் நாலடி, மறுபடியும் தாடை. மூனாவது தடவைக்கப்புறம் நான் சைகை காட்டறதை விட்டுட்டேன், அவனாவே திரும்பிப் போய் படுத்து அடுத்த தடவைக்குக் காதைத் தூக்கி வச்சுட்டிருந்தான்.

வெளிய வந்து அவனோட லாக்புக்கை எழுதினேன். நேரம், ரூம் நம்பர், எத்தனை நிமிஷம். பாயை விட்டு எந்திரிக்காம இருக்கறதுக்கான 'ஸ்டே' கட்டத்துல: அஞ்சு தடவை உடைஞ்சது.