சீட்டுக் கணக்கில் படித்த ஹைபர்நேட்

பெங்களூரில் நான் கோட்டைவிட்ட முதல் ஜாவா இன்டர்வியூவில் நாலு வரி கோடைக் காட்டி, "இதை ஓட்டினால் டேட்டாபேஸுக்கு எத்தனை குவெரி போகும்?" என்று கேட்டார்கள். ஒன்று என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். யோசித்தும் ஒன்றுதான் என்றேன்.

கேள்வி ஹைபர்நேட் பற்றியது. ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் டேபிளில் எழுதி, எடுத்துத் தரும் கருவி அது. அதை 2001-ல் கேவின் கிங் தொடங்கினார், அந்த வேலைக்கான ஜாவாவின் பொது விதிமுறையான ஜேபிஏ 2006-ல் வந்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கிளாஸில் எழுதும் அனொட்டேஷன் குறிப்புகளும் அப்படியே. ஆனால் நான் எழுதும் வரிக்கு ஹைபர்நேட் டேட்டாபேஸுக்கு என்ன எஸ்கியூஎல் கட்டளை அனுப்புகிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்த முறை தயாராகும்போது, புத்தகங்களில் வரும் எம்ப்ளாயி, டிபார்ட்மென்ட் உதாரணங்களை மூட்டை கட்டினேன். அல்சூரில் நான் குடியிருந்த வீட்டுக்கார அக்கா சீட்டு நடத்துகிறார். 20 பேர், 20 மாதம். உறுப்பினர் ஒரு கிளாஸ், தவணை ஒரு கிளாஸ், அடியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். தெரிந்த கணக்கு என்பதால் தப்பு உடனே கண்ணில் படும். உங்களுக்கு பிஜி மெஸ் கணக்கு இருந்தாலும் போதும். முதல் வேலையாக, ஓடும் எஸ்கியூஎல் எல்லாம் திரையில் வரும்படி ஷோ எஸ்கியூஎல் அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

முதல் நாளே அடி. உறுப்பினரின் தவணைப் பட்டியலில் தவணையைச் சேர்த்து சேவ் செய்தேன். தவணை ஏறியது, யாருடையது என்பது ஏறவில்லை. தவணை யாருடையது என்று சுட்டும் ஃபாரின் கீ காலி. உறுப்பினர் கிளாஸில் தவணைப் பட்டியலுக்கு மேப்டுபை என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதிய பக்கம் வெறும் கண்ணாடி மாதிரி, உறவைக் காட்டும், எழுதாது. ஃபாரின் கீ இருப்பது தவணை டேபிளில், ஆகவே தவணை ஆப்ஜெக்டில் உறுப்பினரை வைத்தால்தான் அது எழுதப்படும்.

அப்புறம், இன்டர்வியூவில் என்னைக் கவிழ்த்த அந்தக் கேள்வி. 20 உறுப்பினர்களை எடுத்து, லூப்பில் ஒவ்வொருவரின் தவணைகளையும் கூட்டினேன். திரையில் 21 செலக்ட் ஓடியது: உறுப்பினர் பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று வீதம் 20. என் பிளஸ் ஒன் (N+1) சிக்கல் என்று படித்ததை அன்றுதான் பார்த்தேன். தவணைகளையும் உடனே எடுத்துவரச் சொல்லும் ஈகர் அமைப்புக்கு மாற்றினால் தீரும் என்பார்கள். தீராது. ஜேபிஏவின் குவெரி மொழியான ஜேபிகியூஎல்லில் கேட்டால் அந்த 20 செலக்டும் லூப்புக்கு முன்பே ஓடிவிடும், அவ்வளவுதான். இரண்டு டேபிளையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டதும் ஒரே குவெரி. ஆனால் வந்தது 400 வரிசை. நான் வைத்திருந்த பழைய பதிப்பில் ஒவ்வொருவரும் 20 தடவை பட்டியலில் நின்றார்கள். திரும்ப வருவதைக் கழிக்க டிஸ்டிங்க்ட் சேர்க்க வேண்டியிருந்தது. ஹைபர்நேட் 6 அதைத் தானே கழித்துவிடுகிறது.

இன்னொன்று, சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. பணம் கட்டாதவர் பெயருக்குப் பக்கத்தில் "பாக்கி" என்று திரையில் காட்ட, ஆப்ஜெக்டிலேயே பெயரை மாற்றினேன். சேவ் என்று எங்கும் எழுதவில்லை. டிரான்சாக்ஷன் முடிந்ததும் அப்டேட் போய்விட்டது. டேபிளில் மூன்று பேருக்குப் பெயரே பாக்கி என்று ஆகிவிட்டது. செஷனுக்குள், அதாவது தன் கையில், இருக்கும் ஆப்ஜெக்டை ஹைபர்நேட் கவனித்துக்கொண்டே இருக்கும். டர்ட்டி செக்கிங் என்றால் இதுதான். திரைக்குக் காட்ட வேண்டியதைத் தனி கிளாஸில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிளாஸிலிருந்து கிளைக்கும் கிளாஸ்களை டேபிளில் வைக்கும் இன்ஹெரிட்டன்ஸ் முறைகள் மூன்றையும் ஒரு மாலையில் பார்த்துவிடலாம். டேபிளில் வெர்ஷன் எண்ணுக்கென்று தனி நெடுவரிசை எதற்கு என்பதை இரண்டு விண்டோ திறந்து ஒரே வரிசையை மாற்றிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் புரியும்.

இரண்டாவது இன்டர்வியூவில் குவெரி எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னேன். உடனே அடுத்தது: "ஆயிரம் தவணையை பேட்சாக, அதாவது கட்டுக்கட்டாக, ஏற்றச் சொல்லியும் ஒவ்வொன்றாகவே போகிறது, ஏன்?" நல்லவேளை, இதுவும் என் திரையில் நடந்திருந்தது. ஐடி எண்ணை டேட்டாபேஸே போடும் ஐடென்டிட்டி முறையை வைத்தால் ஒவ்வொரு வரிசையையும் ஏற்றின பிறகுதான் அதன் எண் தெரியும், அதனால் ஹைபர்நேட் இன்சர்ட் பேட்ச்சிங்கை நிறுத்திவிடும். போஸ்ட்கிரெஸில் எண்ணை முன்கூட்டியே தரும் சீக்வென்ஸுக்கு மாற்றினேன் என்றேன். மைஎஸ்கியூஎல்லில் என்ன செய்வீர்கள் என்றார்கள். அங்கே சீக்வென்ஸ் கிடையாது, அந்த ஓர் இடத்தில் மட்டும் ஹைபர்நேட்டை விட்டு, ஜாவா நேரே டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசியில் பேட்ச் எழுதுவேன் என்றேன். வேலை கிடைத்தது. அக்கா கணக்கை இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்.