தேவாங்கை எண்ணியதும் ஆட்டுக்காரரிடம் மாட்டியதும்

ஒல்லியாக இருந்து பேந்தப் பேந்த விழிப்பவனை எங்கள் பக்கம் 'தேவாங்கு' என்று திட்டுவார்கள். பள்ளியில் நானே அந்தத் திட்டை வாங்கியவன். இரவில் நடமாடும் அந்தச் சின்ன விலங்குக்கென்று ஒரு சரணாலயம் வரப்போகிறது, இரவுக் கணக்கெடுப்புக்கு ஆள் வேண்டும் என்றதும் பெயர் கொடுத்துவிட்டேன்.

வேலை சுலபம்தான். நெற்றி விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு ஆமை வேகத்தில் நடக்க வேண்டும். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாது. முதல் இரவு முள் கிழித்ததுதான் மிச்சம். இரண்டாம் இரவு வேலமரத்தில் இரண்டு தணல் துண்டுகள் மின்னின. ஒரு சாண் உடம்பு, வால் கிடையாது, குச்சிக் கைகளால் கிளையைப் பிடித்தபடி பூச்சி தேடிக்கொண்டிருந்தது. மூச்சு விடக்கூட மறந்து நின்றோம்.

சிக்கலெல்லாம் பகலில், டீக்கடையில். "தேவாங்குக்குக் காட்டை எழுதி வச்சுட்டா, எங்க ஆடு எங்க தம்பி மேயும்?" என்றார் ஒரு பெரியவர். கேள்வி நியாயமானது. 2022 மார்ச்சில்தான் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களில் மேய்ச்சலுக்குத் தடை விதித்திருந்தது. ஜூனில் உச்ச நீதிமன்றம் சரணாலயம் போன்ற இடங்களைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்றதும், வீடு கட்ட முடியாது, போர்வெல் போட முடியாது என்று வதந்தி கிளம்பியது. (அந்த உத்தரவு 2023 ஏப்ரலில் தளர்த்தப்பட்டது.) ஏற்கெனவே காப்புக்காடாக இருப்பதைத்தான் வனவிலங்குச் சட்டத்தின் 26ஏ பிரிவில் அறிவிக்கிறார்கள், பட்டா நிலத்தைத் தொடமாட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டது. ஆட்டுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பூசி மெழுகியிருக்கலாம். ஆனால் மறுநாளும் அதே கடையில்தானே டீ குடிக்க வேண்டும்.

2022 அக்டோபரில் அரசாணை வந்தது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர், கடவூர் தேவாங்கு சரணாலயம். நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம்.

வரைபடத்தையும் என் குறிப்பேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாங்கள் பார்த்தவற்றில் பல, கோட்டுக்கு வெளியே, தோட்டத்துக் கிளுவைச் செடி வேலிகளில் இருந்தன. அதிலொன்று அந்தப் பெரியவரின் வேலி. கம்பி வேலி போட்டுவிடாதீர்கள் என்று கேட்கத் தயங்கித் தயங்கிப் போனேன்.

"கிளுவையை அழிச்சுட்டு ஆட்டுக்குத் தழைக்கு எங்க போவேன்?" என்றார்.