ஒட்டுத் தெரிகிற சுவர்

2 ஜூன் 2024, ஞாயிறு

புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திற்கு, அது 2023 ஜூலையில் திறக்கப்பட்டதிலிருந்து எத்தனையோ முறை வந்துவிட்டேன். ஆனால் அதே சாலையில் செல்லும் 7.3 கி.மீ. மேம்பாலத்தை நின்று பார்த்தது இன்றுதான். மதுரைக்காரர்களுக்கு அந்தப் பாலம் பெரும்பாலும் வெயிலுக்கு ஒதுங்கும் நிழல். தேநீர் ஆறும் வரை ஒரு தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆள் உயரத்துக்கு மேலே மயிரிழை போல ஒரு கோடு அதைச் சுற்றி ஓடுவது கண்ணில் பட்டது. ஒரு நாள் கான்கிரீட் நின்று, அடுத்த முறை தொடங்கிய இடம் அது. பதினோரு ஆண்டுகளாகச் சைட் என்ஜினியராக இருக்கும் நான், அப்படி ஒரு கோட்டைக் கண்டால் உடனே கொத்தனாரை அழைத்துப் பூசி மறைக்கச் சொல்லியே பழகியவள். இன்று தேநீர் ஆறிப்போன பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

9 ஜூன், ஞாயிறு

நூலகத்தில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானின் டாக்கா நாடாளுமன்றக் கட்டடப் படங்களை இன்று நிதானமாகப் பார்த்தேன். வெளிச்சுவர்களில் வட்டமும் முக்கோணமுமாகப் பெரும் துளைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. சன்னல்களோ அவற்றுக்குப் பின்னால் தள்ளி உள்ளே இருப்பதால், வங்காளத்து வெயிலையும் மழையையும் அந்த வெளிச்சுவரே வாங்கிக்கொள்கிறது. நம் ஊர் பைபாஸ் ஓரங்களில் மேற்கு பார்த்த சுவர் முழுவதும் கண்ணாடி பதித்துவிட்டு, பிறகு திரை போட்டு ஏசியை ஓடவிடும் வணிக வளாகங்களைக் கட்டுகிறவர்கள் இந்தப் படங்களை ஒருமுறையாவது பார்த்திருக்கலாம்.

என்னை நிறுத்தியது வேறொன்று. அந்தச் சாம்பல் நிறச் சுவர்களில் ஐந்தடிக்கு ஒரு வெள்ளைப் பளிங்குப் பட்டை கிடைமட்டமாக ஓடுகிறது. ஒரு நாளில் ஐந்தடி உயரம்தான் கான்கிரீட் போட முடிந்தது. இரண்டு நாள் வேலை சேரும் இடத்தில் ஒட்டு தெரியத்தான் செய்யும். அதைப் பூசி மறைப்பதற்குப் பதிலாக, வேட்டிக்குக் கரை வைப்பது போல அந்த இடத்தில் பளிங்கை வைத்துவிட்டார் கான். சுங்குடிச் சேலையிலும் இதுதானே நடக்கிறது! சாயத்தில் முக்குவதற்கு முன் நூலால் கட்டிய முடிச்சுகளை அவிழ்த்த பிறகு, முடிச்சு இருந்த இடம் புள்ளியாக நிற்கிறது. அந்தப் புள்ளிக்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். 1962இல் கானிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த வேலை 1982இல்தான் முடிந்தது. இந்தியாவுக்கு வந்து திரும்பும் வழியில் 1974இல் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோன அவர், முடிந்த கட்டடத்தைப் பார்க்கவில்லை.

19 ஜூன், புதன்

திருப்பாலையில் நான் பார்த்துவரும் வீட்டில், மாடிப்படியை ஒட்டிப் பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி உயரத்தில் ஒரு கான்கிரீட் சுவர் வருகிறது. அதைப் பூசாமல் விட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவர், டாக்கா படத்தை என் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். சென்ட்ரிங் மேஸ்திரியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. “பூசாம விட்டா, காசு பத்தலன்னுல்ல மேடம் ஊரு பேசும்?” என்றார் அவர்.

பளிங்குக்கு வழியில்லை. ஆகவே ஐந்தடி உயரத்தில், கான்கிரீட்டுக்கு அச்சாக நிற்கும் பலகையின் உட்பக்கம் முக்கால் அங்குல ரீப்பர் மரச்சட்டம் ஒன்றை நீளவாக்கில் அடிக்கச் சொன்னேன். பலகையைப் பிரிக்கும்போது ஒட்டு இருக்கும் இடம் ஒரு காடியாக உள்ளடங்கி நிற்கும். காடி விழும் இடத்தில் கம்பியின் மேல் இருக்கும் கான்கிரீட் அந்த அளவுக்குக் குறைந்துவிடும் என்பதால், கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கைப் பெரியதாக மாற்றினோம். பிளைவுட் வேண்டாம், பழைய மரப்பலகையே போதும் என்றதும் மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை சற்றுக் குறைந்திருந்தது. மாலைக்குள் ஐந்தடி வரை போட்டு முடித்தோம்.

22 ஜூன், சனி

மீதி நான்கடியும் போட்டாயிற்று.

25 ஜூன், செவ்வாய்

காலை எட்டு மணிக்குப் பலகையைப் பிரித்தார்கள். ஈரம் காயாத சுவரில் பலகைகளின் ரேகைகள் அப்படியே பதிந்திருந்தன. ஒரு கணு, வரிகள் சுற்றி வளைந்து ஓட, கண் போல விழித்துப் பார்த்தது. மேஸ்திரி பிரித்த பலகைகளைப் புரட்டிப் புரட்டி அந்தக் கணு எந்தப் பலகையில் இருக்கிறது என்று தேடி எடுத்து, சுவரோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அரை அங்குலம் இடப்பக்கம் சரிந்திருந்தாலும், காடி முனை உடையாமல் வந்திருந்தது. வீட்டுக்கார சார் அதில் ஆட்காட்டி விரலை வைத்து, பன்னிரண்டடியும் மெல்ல நடந்து போய்த் திரும்பி வந்தார்.

கீழ் மூலையில் ஒரு சாண் அகலத்துக்கு ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. புதனன்று அந்த மூலையில், கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் விடும் நேரத்தில் நான் போன் பேச வெளியே போயிருந்தேன், குற்றம் என்னுடையது. உதிரும் ஜல்லியைத் தட்டி எடுத்துவிட்டுக் கலவை வைத்து அடைத்தோம். புதிய கலவை சுவரின் நிறத்தோடு சேரவில்லை, கறுப்பாகத் தனித்துத் தெரிகிறது. ஒட்டைக் காட்டத் துணிந்த எனக்கு அந்த ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்ட மனம் வராமல், அங்கே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி வைக்கலாமா சார் என்று கேட்டேன். தொட்டியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரில் போர்த்திய சாக்குகளுக்கு அவரே குழாயைப் பிடித்துத் தண்ணீர் விடத் தொடங்கினார்.