தகதிமியில் ஒரு ரீல்

அயர்லாந்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஐரிஷ் நடனம் எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். மார்ச் 1 முதல் செயின்ட் பேட்ரிக் நாளான 17 வரை ஐரிஷ் மொழிக்கு விழா எடுப்பார்கள். அந்த நாட்களில் பிள்ளைகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, கை கோத்து ஆடும் கேய்லி ஆட்டம் ஒன்றை வகுப்பு டீச்சரே சொல்லிக்கொடுப்பார். என் மகளுக்கு ஆசை பிடித்தது அங்கேதான். வீட்டுக்கு வந்தும் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே குதித்துக்கொண்டே இருந்தாள். சரி என்று டப்ளின் புறநகரான லூக்கனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கும் வகுப்பில் சேர்த்துவிட்டோம். அடுத்த ஆண்டு அவளுடைய ஆசிரியை, "இவள் ஃபெஷ்ஷுக்குத் தயார், பெயர் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஃபெஷ் என்பது ஒரு ஹோட்டல் ஹாலிலோ விளையாட்டுக் கூடத்திலோ நாள் முழுக்க நடக்கும் நடனப் போட்டி. எங்கள் வீட்டில் யாரும் அதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

பெயர் கொடுக்கும்போதே விஷயம் புரியத் தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு ஆட்டமும் தனிப் போட்டி, தனிக் கட்டணம். வயதை ஜனவரி 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள். முதல் நிலையில் ஒரே வயதுப் பிள்ளைகள் மேடையில் இருவர் மூவராக ஆடுவார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஆடுவது அவரவர் ஆசிரியர் அமைத்த அடிகளை. இசை ஒன்று, கால்கள் வேறு வேறு. பக்கத்தில் ஆடும் பிள்ளை இடது பக்கம் பாய்வாளா, முன்னே வருவாளா என்று யாருக்கும் தெரியாது. மோதாமல் விலகி, தாளமும் விடாமல் ஆட வேண்டும். அதனால் வகுப்பில் கடைசி வாரங்கள் முழுக்க ஆசிரியை வேண்டுமென்றே பிள்ளைகளை நெருக்கமாக நிறுத்தி ஆடவிட்டார். அது நல்ல பயிற்சி.

நான் திருச்சியில் பள்ளி நாட்களில் பரதம் கற்றவள். அதனால் என் கண் முதலில் போனது தாளத்தின் மேல். ரீல், லைட் ஜிக், ஸ்லிப் ஜிக் எல்லாம் ஐரிஷ் ஆட்ட வகைகள். ரீல் என்பது பாருக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, நான்கு எண்ணிக்கை, ஒரு தகதிமி. லைட் ஜிக் ஆறு எண்ணிக்கை, இரண்டு தகிட. ஸ்லிப் ஜிக் ஒன்பது, மூன்று தகிட. இது பிடிபட்டதும் எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. மேடையில் இசை தொடங்கியதும் பிள்ளை உடனே ஆடக்கூடாது. வலது காலை முன்னே நீட்டி, நுனி விரலை ஊன்றி, எட்டு பார் காத்திருக்க வேண்டும். ஒன்பதாவதில் எடுப்பு. முதல் போட்டிக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு இந்தக் காத்திருப்புதான் கஷ்டம். பதற்றத்தில் நான்காவதிலேயே கிளம்பிவிடுவார்கள். நான் சமையலறையில் நின்று தொடையில் தட்டிக்கொண்டு எட்டு தகதிமி சொல்வேன், மகள் அசையாமல் நிற்பாள். பிறகு நான் மனதுக்குள் மட்டும் சொல்லுவேன், அவளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு சரியாக எடுத்துவிடுவாள். அடி ஒவ்வொன்றையும் எட்டு பார் வலது காலில் ஆடி, அதையே எட்டு பார் இடது காலில் ஆட வேண்டும். அடவுகளை இரண்டு பக்கமும் செய்து பழகிய எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. இடது பக்கம் தடுமாறினால் அதை மட்டும் தனியாக எடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் செய்யச் சொன்னேன். பரத வகுப்பில் எங்கள் டீச்சர் எங்களை வாட்டிய அதே வழி.

உடம்பு நிலைதான் நேர் எதிர். நமக்கு அரைமண்டி, இவர்களுக்கு முழங்கால் நிமிர்ந்திருக்க வேண்டும். நாம் பாதத்தைத் தட்டித் தரையோடு பேசுவோம், இங்கே மென்காலணி ஆட்டத்தில் குதிகால் தரையைத் தொட்டாலே நடுவர் குறித்துக்கொள்வார். பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பி, ஒன்றின் முன் ஒன்றாகக் குறுக்கே நிற்க வேண்டும், முழங்கால்களுக்கு நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. கைகள் உடம்போடு ஒட்டி, விரல்கள் மடங்கி, அசையவே கூடாது. வீடியோ காலில் பார்த்த என் அம்மா, "ஏன்டி கண்ணு, கையை யாரு கட்டிப் போட்டா?" என்று பேத்தியிடம் கேட்டார். "கை ஆடினா மார்க் போயிடும் பாட்டி" என்றாள் இவள், முதுகை நிமிர்த்திக்கொண்டு. வீட்டில் பழகும்போது பைஜாமாவின் ஓரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு ஆடுவாள். துணி இழுபட்டால் கை அசைகிறது என்று அவளுக்கே தெரிந்துவிடும். அப்படிக் கையை அடக்கிவைத்ததும் ஆட்டம் முழுக்கக் காலுக்கு இறங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கணுக்காலுக்குக் கீழே அத்தனை நுணுக்கம் இருக்கிறது.

காலணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மென்காலணியை இங்கே பம்ப்ஸ் என்கிறார்கள். கறுப்புத் தோல், நீளமான கயிறு. கயிற்றைப் பாதத்தின் மேல் கோத்து, உள்ளங்காலைச் சுற்றி இறுக்கி, கணுக்காலில் முடிச்சுப் போட வேண்டும். வளரும் பிள்ளைக்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இதற்கு ஆகாது. விரல் நுனி தோலைத் தொடும் அளவுக்குச் சிக்கென்று இருக்க வேண்டும், இரண்டு வாரத்தில் தோல் காலுக்குத் தக்கபடி இளகிக்கொடுக்கும். தொளதொளவென்று இருந்தால் நீட்டிய விரல் நடுவர் கண்ணுக்குத் தெரியாது. அதோடு வெள்ளைக் காலுறை, புடைப்புப் புடைப்பாக நெய்தது. அது வழுக்காமல் இருக்கக் காலில் தடவும் பசை ஒன்று தனியாக விற்கிறது. போட்டி நாள் காலையில் அந்தப் பசை மறந்துபோனவர்கள் பக்கத்து அம்மாவிடம் கேட்டு வாங்குவது சகஜம்.

சுருள் சுருளான விக், கல் பதித்த உடை என்று இணையத்தில் படங்களைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அந்த உடைகள் ஆயிரம் யூரோவைச் சாதாரணமாகத் தாண்டும், ஆனால் அவை மேல் நிலைக்குப் போனவர்களுக்கு. முதல் போட்டிக்கு நடனப் பள்ளியின் எளிய உடை போதும். சின்னப் பிள்ளைகளின் ஆரம்ப நிலைப் போட்டிகளில் மேக்கப்புக்கே தடை இருக்கிறது. அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மகளுக்கு நான் விக் வாங்கவில்லை. தேங்காயெண்ணெய் தடவிய நீண்ட நேர்முடியை மேலே பாதி எடுத்துக் கட்டி, ஹேர்பேண்ட் போட்டுவிட்டேன். ஆசிரியையும் அதுவே அழகு என்றார். பெரிய பெண்கள் காலில் பழுப்பு நிறம் பூசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "எதுக்கும்மா பூசுறாங்க?" என்று கேட்டாள். விளக்கு வெளிச்சத்தில் தசையின் அசைவு தெளிவாகத் தெரியத்தான் என்று பக்கத்திலிருந்த ஒரு தாய் விளக்கினார். மகள் தன் காலைப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் மனதில் வைத்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. இது அவர்களுடைய ஆட்டம், நம் பிள்ளை போய் நிற்பது சரியாக இருக்குமா என்று. அதனால் இந்தக் கலையின் கதையைத் தேடிப் படித்தேன். ஐரிஷ் மொழியையும் பண்பாட்டையும் மீட்கக் கேலிக் லீக் என்ற அமைப்பு 1893-இல் டப்ளினில் தொடங்கியது. ஆனால் இன்று நாம் அறிந்த பொது கேய்லி, அதாவது எல்லோரும் கூடி ஆடும் விழா, முதலில் நடந்தது அயர்லாந்தில் இல்லை. 1897-இல் லண்டனில், அங்கே பிழைக்கப் போன ஐரிஷ்காரர்கள் கூடி நடத்தினார்கள். 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ரிவர்டான்ஸ் என்ற ஐரிஷ் நடன நிகழ்ச்சி வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதில் முன்னே நின்று ஆடிய மைக்கேல் ஃப்ளாட்லி சிகாகோவில் பிறந்தவர், ஜீன் பட்லரும் அமெரிக்காவில் பிறந்தவர். கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் கூடங்களிலும் தேவாலய அறைகளிலும் கற்று, தாய்நாட்டுக்கே கொண்டுவந்து ஆடிக் காட்டிய கலை இது. டொராண்டோவிலும் சிட்னியிலும் சனிக்கிழமை பரத வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காரில் காத்திருக்கும் நம் தாய்மாருக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைப் படித்த பிறகு என் தயக்கம் போய்விட்டது.

போட்டி நாளுக்குக் காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். டப்பாவில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். ஹால் முழுக்க இரைச்சல், ஒரே சமயத்தில் பல மேடைகள், ஒவ்வொரு மேடையிலும் வேறு தாளம். நேரம் சொன்னபடி நடக்காது என்று மற்ற பெற்றோர் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள், அதனால் பதறவில்லை. பெயர் இல்லை, எண் மட்டும்தான். எண் அட்டையை இடுப்பில் கட்டிவிட்டேன். மேடையோரம் வரிசையில் நின்றபோது அவள் உதடு அசைவது தெரிந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். அக்கார்டியன்காரர் தொடங்கினார். பக்கத்துப் பிள்ளை ஆறாவது பாரிலேயே கிளம்பிவிட்டாள். இவள் அசையவில்லை. எட்டு முடிந்து எடுத்தாள். இடது பக்கத் திருப்பத்தில் மட்டும் கொஞ்சம் தள்ளாட்டம். முடித்ததும் நடுவருக்கு ஒரு வணக்கம், இசைக்காரருக்கு ஒரு வணக்கம். வாத்தியக்காரருக்கும் குனிந்து நன்றி சொல்லும் அந்த மரியாதையைப் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது.

ரீலில் இடம் எதுவும் கிடைக்கவில்லை. லைட் ஜிக்கில் மூன்றாம் இடம், ஒரு பதக்கம். காரில் திரும்பி வரும்போது அவள் பேசியதெல்லாம் அடுத்ததாக ஆசிரியை சொல்லித்தரப்போகும் ஸ்லிப் ஜிக்கைப் பற்றித்தான்.

பிள்ளையைச் சேர்க்க யோசிப்பவர்களுக்கு: பெரும்பாலான வகுப்புகள் செப்டம்பரில் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடும், முதல் மாதம் சாதாரண விளையாட்டு ஷூவே போதும். மகளுக்குச் சிறுத்துப்போன பம்ப்ஸ் ஒரு ஜோடி நல்ல நிலையில் இருக்கிறது. லூக்கன் பக்கம் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், தந்துவிடுகிறேன்.