நான்கு சொந்தக்காரர்கள், ஒரே காடு

ஆரெகன் மாநிலக் கடலோர மலையில், எங்கள் ஊருக்கு மேலே, அமெரிக்க அரசு நிலத்தில் மரம் வெட்டப் போவதாகப் போன வருடம் அறிவிப்பு வந்தது. கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையில் ஒட்டுமொத்த பாதிப்பு, அதாவது எல்லாருடைய நிலத்து வெட்டும் சேர்ந்து காட்டுக்குச் செய்யும் பாதிப்பு பற்றி ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. பக்கத்துத் தனியார் நிலங்களில் வெட்டு தொடரும் என்று ஒரு வரி. எங்கே, எவ்வளவு என்று இல்லை.

இங்கே நிலமே சதுரங்கப் பலகை மாதிரி. 1866-இல் ரயில் பாதை போடுவதற்காக ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் கட்டங்களைக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அவர்கள் நிபந்தனையை மீறவே, விற்காமல் மிஞ்சியதை 1916-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. அதனால் எங்கள் ஓடைக்குத் தண்ணீர் தரும் சரிவில் மட்டும் அரசு, இரண்டு மரக் கம்பெனிகள், ஒரு குடும்பம் என்று நான்கு சொந்தக்காரர்கள்.

தனியார் வெட்டுவதற்கு முன் மாநில வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்புகளை யாரும் பார்க்கலாம். ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆனால் அறிவித்த எல்லாரும் வெட்டிவிடுவதில்லை. அதனால் 1984 முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த கோடைக்காலப் படங்களை வருடவாரியாக வைத்து ஒப்பிட்டேன். படத்தில் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர். மூன்று வாரம் ராத்திரியெல்லாம் இதே வேலை.

எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டபோது நெஞ்சு கனத்துவிட்டது. அறிக்கை 'பாதிப்பில்லை' என்று சொன்ன முதிர்ந்த காட்டுத் துண்டுக்கு மூன்று பக்கமும் மொட்டை. நேரில் போனேன். ஓரத்தில் இரண்டு பெரிய டக்ளஸ் ஃபர் மரங்கள் காற்றில் வேரோடு சாய்ந்து கிடந்தன. அவற்றின் கிளையில் இருந்த பாசி கையில் நொறுங்கியது. நூறடி உள்ளே போனால் அதே பாசி ஈரப் பஞ்சு. மார்பிள்ட் மர்ரலெட் என்ற கடற்பறவை கூடு கட்டாது. பெரும்பாலும் இப்படிப்பட்ட கிளைப் பாசியில்தான் ஒரே ஒரு முட்டை இடும். காடு திறந்த ஓரங்களில் காக்கைக் கூட்டம் பெருகி, அந்த முட்டையைத் தின்றுவிடும். வெட்டியது ஒருவர் நிலத்தில், முட்டை போவது இன்னொருவர் நிலத்தில்.

வரைபடத்தோடு என் கருத்தைக் கடைசி நாளுக்கு முந்தின நாள் அனுப்பினேன். அந்த முதிர்ந்த காட்டுத் துண்டை ஒட்டியிருந்த ஒரு வெட்டுப் பகுதியை மட்டும் அரசு அதிகாரிகள் திட்டத்திலிருந்து நீக்கினார்கள். ஒட்டுமொத்தக் கணக்கு பற்றிய கேள்விக்கு ஒரு பத்திதான் பதில். அதில் தனியார் நிலம் தங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்றார்கள். வெட்டச் சொல்லியோ நிறுத்தச் சொல்லியோ நான் கேட்கவில்லை, எண்ணத்தானே சொன்னேன்! அதை எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறேன். சரி, நேற்று மேற்குக் கட்டத்துக்குப் புது அறிவிப்பு வந்திருக்கிறது. அதையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டேன்.