ரத்தம் வழியும் கைகள்: ஆல்வின் மேக்கர் வாசிப்பு நாட்குறிப்பு

செப்டம்பர் 28

'ஆல்வின் மேக்கர்' வரிசையின் முதல் நூலான 'செவன்த் சன்' முடிந்தது. ஆர்சன் ஸ்காட் கார்ட் எழுதி 1987இல் வெளிவந்தது. மாயக்கதை என்றால் கோட்டை, வாள், டிராகன், வெண்தாடிக் கிழவர் என்று பழகிப்போன எனக்கு இதில் கிடைத்தவை மாவு அரைக்கும் ஆலை, கொல்லன் பட்டறை, காட்டை வெட்டித் திருத்திய வயல், பிள்ளை பெற்றுப் பெற்றுக் களைத்த ஒரு தாய். சலிப்பூட்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். இரவு ஒரு மணி வரை கீழே வைக்க முடியவில்லை.

1800ஐ ஒட்டிய அமெரிக்காவில் கதை நடக்கிறது. ஆனால் வரலாற்றை அதற்கு நூறாண்டுக்கும் முன்பே ஒரு இடத்தில் முறித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1660இல் மன்னராட்சி திரும்பவே இல்லை. மன்னரை வீழ்த்திய கிராம்வெல் வழியில் வந்த, மன்னரில்லாத காப்பாளர் ஆட்சியே நீடிக்கிறது. விரட்டப்பட்ட ஸ்டூவர்ட் மன்னர் குடும்பம் கடல் தாண்டித் தெற்கே வந்து, சார்ல்ஸ்டனுக்கு கேமலாட் என்று பெயர் வைத்துக்கொண்டு அரியணை போட்டிருக்கிறது. வாஷிங்டனின் தலை போய்விட்டது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினை ஊரார் மந்திரவாதி என்கிறார்கள். இரோகுவாய் என்ற பூர்வகுடி மக்கள் அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு மாநிலமே வைத்திருக்கிறார்கள். இத்தனையையும் பாடமாக நடத்தாமல், வண்டியில் போகிறவர்களின் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போவதுதான் அழகு.

மாயமும் அப்படியே. எல்லோருக்கும் ஏதோ ஒரு பிறவிக் கைவாகு இருக்கிறது. ஒருவர் நிலத்தடி நீரோட்டம் பார்ப்பார், ஒருத்தி வாசலில் காப்புக்குறி வரைவாள், இன்னொருத்தி மனிதருக்குள் எரியும் உயிர்ச்சுடரைத் தொலைவிலிருந்தே பார்த்துவிடுவாள். இவற்றில் பாதி கற்பனையே இல்லை. பென்சில்வேனியா ஜெர்மானியர்களின் களஞ்சியச் சுவர்களில் வட்டத்துக்குள் வரைந்த நட்சத்திரங்கள் இன்றும் இருக்கின்றன. கவைக்குச்சியைப் பிடித்துக் கிணற்றுக்கு இடம் சொன்னவர்கள் அந்தக் குடியேறிகளிடையே நிறைய. அவர்கள் உண்மை என்று நம்பியதை நாவல் உண்மையாக்கிவிட்டது. அவ்வளவுதான்.

அக்டோபர் 2

இரண்டு காட்சிகள் விடாமல் கூடவே வருகின்றன.

முதலாவது, தேவாலயக் கூரை வேலை. முகட்டு உத்திரம் கை நழுவி விழுகிறது. நேர் கீழே கதைநாயகன், சிறுவன் ஆல்வின் நிற்கிறான். அந்தரத்திலேயே மரம் இரண்டாகப் பிளந்து அவனுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக விழுகிறது. பாதிரியார் இதை அருகிலிருந்து பார்க்கிறார். பார்த்ததை நம்பக்கூடாது என்று உடனே முடிவும் செய்துகொள்கிறார். அந்த முடிவுதான் பின்னால் அவரைக் கெடுக்கிறது.

இரண்டாவது, கால். ஆலைக்கல் விழுந்து எலும்பு நொறுங்குகிறது. தன் ஆற்றலைத் தன் நலனுக்கு ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்று முன்பே சபதம் செய்தவன், குணப்படுத்திக்கொள்ளத் தெரிந்தும் வலியோடு கிடக்கிறான். ஊர் ஊராகக் கதை சேகரித்துத் திரியும் கிழவர் ஒருவர் பேசித்தான் அவன் மனம் மாறுகிறது. (அந்தக் கிழவர் வில்லியம் பிளேக். ஆம், கவிஞர் பிளேக்தான். நிஜத்தில் இங்கிலாந்தை விட்டு வெளியே காலடி வைக்காதவர்.) மாறிய பிறகும் அழுகிய எலும்பை அறுத்து எடுக்க ஒரு கை வேண்டும். அண்ணன் மெஷர் கத்தியை எடுக்கிறான்.

இங்கேதான் கதைக்கு அடியில் இன்னொரு வாழ்க்கை ஓடுவது தெரிகிறது. மார்மன் சமயத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1805இல் வெர்மான்ட்டில் பிறந்தவர். ஏழு வயதில் கால் எலும்பில் சீழ் பிடித்து, மயக்க மருந்து இல்லாத காலத்தில் எலும்பைச் செதுக்கி எடுத்தார்கள். கட்டிப்போட வேண்டாம், சாராயமும் வேண்டாம், அப்பா பிடித்துக்கொண்டால் போதும் என்று சிறுவன் சொன்னதாக அவருடைய தாய் எழுதிவைத்திருக்கிறார். 1823இல் இறந்த அவருடைய அண்ணனின் பெயர் ஆல்வின். கார்டும் மார்மன்; ஸ்மித்துக்குப் பின் மார்மன்களுக்குத் தலைமை ஏற்ற பிரிகம் யங் வழிவந்தவர். ஆனால் இது பிரசார நூல் இல்லை. ஒரு சமூகம் தன் தலபுராணத்தைத் தானே உருமாற்றிப் பார்க்கும் முயற்சி. தலபுராணங்களோடு வளர்ந்த எனக்கு அந்த ஆசை நன்றாகவே புரிகிறது.

அக்டோபர் 6

இரண்டாவது நூல் 'ரெட் பிராஃபெட்' நூலகத்தில் கிடைத்தது. எனக்கு முன் படித்த யாரோ ஹாரிசன் என்ற பெயர் வரும் இடமெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 1841 என்று எழுதியிருக்கிறார். கோபக்காரர் போலும்; சில இடங்களில் தாள் கிழிந்திருக்கிறது.

நான் இருக்கும் இண்டியானாவின் லஃபாயெட்டைச் சுற்றி மக்காச்சோள அறுவடை. ஊரெல்லாம் தூசி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன்.

அக்டோபர் 13

டிப்பி-கனூ அத்தியாயம் முடிந்தது. ஒரு நாள் முழுக்க வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை.

ஆளுநர் ஹாரிசன் ஏற்பாட்டில் ஆல்வினும் மெஷரும் கடத்தப்படுகிறார்கள். பழி பூர்வகுடிகள் மேல் விழுகிறது. பிள்ளைகளைச் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள் என்று நம்பிய ஊர், ஆல்வினின் அப்பா உட்பட, துப்பாக்கியோடு கிளம்புகிறது. எதிரே, சண்டை போடுவதில்லை என்று உறுதி பூண்ட பூர்வகுடித் தீர்க்கதரிசி தென்ஸ்க்வாதாவாவின் மக்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். ஓடவும் இல்லை. பீரங்கி வெடிக்கிறது. ஓடைத் தண்ணீர் நிறம் மாறுகிறது. செத்ததாகச் சொன்ன மகன் உயிரோடு வந்து நின்ற பிறகுதான் தந்தைக்கு உறைக்கிறது.

அதன் பிறகு வருவதுதான் இந்த வரிசையிலேயே உயர்ந்த கற்பனை. தீர்க்கதரிசி யாரையும் கொல்லவில்லை. சுட்டவர்களின் கைகளில் ரத்தம் கசியும் என்கிறார். எத்தனை கழுவினாலும் போகாது. ஊருக்கு முன்பின் தெரியாதவர் வந்தால் நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் கை சுத்தமாகும். ஹாரிசனுக்கு இன்னும் கடுமை: அன்றாடம் ஒரு புதிய ஆளைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும்.

யோசித்தால் இது தண்டனை மாதிரியே இல்லை. சிறை இல்லை, தூக்கு இல்லை. விருந்தாளி வந்தால் சோறு போடுவதற்கு முன் 'நான் இன்னாரைக் கொன்றேன்' என்று சொல்ல வேண்டும். அதைவிடக் கொடியது எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபர் 19

மாமா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாவலின் டிப்பி-கனூவுக்கு மூலமான டிப்பிகனூ போர்க்களம் பக்கத்தில்தான் என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டார். பேட்டில் கிரவுண்ட் என்று ஊருக்கே அதுதான் பெயர். இரும்பு வேலி, பழைய ஓக் மரங்கள், நடுவில் 1908இல் எழுப்பிய உயரமான கல்தூண். சற்றுத் தள்ளிச் சாலையோரம் ஒரு பாறை மேடு. அதன் மேல் நின்றுதான் தீர்க்கதரிசி மந்திரம் ஓதினார் என்பது உள்ளூர்க் கதை.

நடந்தது நாவலிலிருந்து வேறு. 1811 நவம்பர் 7, விடியும் முன் தாக்கியவர்கள் பூர்வகுடிகள். ஹாரிசனிடம் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவர்களில் 62 பேர் இறந்தார்கள். தீர்க்கதரிசியின் அண்ணன் தெகும்சே அப்போது ஊரில் இல்லை; தெற்கே கூட்டணி திரட்டப் போயிருந்தார். மறுநாள் ஹாரிசன் ஆளில்லாத பிராஃபெட்ஸ்டவுனை, அதாவது தீர்க்கதரிசியின் ஊரை, கொளுத்தினார், சேமித்து வைத்திருந்த தானியத்தோடு.

"அதற்கப்புறம் இந்த ஹாரிசனுக்கு என்ன ஆயிற்று அம்மா?" என்று கேட்டார் மாமா.

"ஜனாதிபதி ஆனார் மாமா. 1840 தேர்தலில் இந்தப் போரின் பெயரையே கோஷமாக வைத்து ஓட்டுக் கேட்டார்கள். 1841இல் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துவிட்டார்."

"அப்படியானால் கதையில் வருகிற சாபம்தான் சரி. இங்கே தூண் அல்லவா நட்டிருக்கிறார்கள்?"

நூலகப் பிரதியில் 1841 என்று எழுதியவரை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தென்ஸ்க்வாதாவா பற்றி அவருக்குச் சொன்னேன். ஒரு கண் இழந்தவர், குடியில் மூழ்கிக் கிடந்தவர், காட்சி கண்டு மாறியவர். இவையெல்லாம் வரலாறு, நாவல் அப்படியே எடுத்துக்கொண்டது. உண்மையான தீர்க்கதரிசி என்றால் சூரியனை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள் என்று 1806இல் டெலவேர் என்ற பூர்வகுடி மக்களுக்கு ஹாரிசன் எழுதினார். அந்த ஜூன் 16 அன்று சூரிய கிரகணம். முன்பே சொல்லிவைத்துக் கூட்டத்தைத் திரட்டியிருந்தார் தென்ஸ்க்வாதாவா. ஹாரிசன் தன் கையால் எதிரிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தார். இதை நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம்.

அக்டோபர் 22

பாராட்டி எழுதியது போதும். எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

படுகொலைக்குப் பிறகு தீர்க்கதரிசி தம் மக்களை மிசிசிப்பிக்கு மேற்கே அழைத்துப் போய்விடுகிறார். ஆறு மாயத்தால் அடைபடுகிறது. கிழக்கு வெள்ளையருக்கு, மேற்கு பூர்வகுடிகளுக்கு. படிக்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் நடந்தது என்ன? 1830இல் இந்தியர் (பூர்வகுடிகளை அப்படித்தான் அழைத்தார்கள்) வெளியேற்றச் சட்டம். 1838 செப்டம்பரில் இதே இண்டியானாவிலிருந்து 850க்கும் மேற்பட்ட பொட்டவாட்டமி பூர்வகுடி மக்களை ஆயுதக் காவலோடு கான்சாஸுக்கு நடத்திப் போனார்கள். 40க்கும் மேற்பட்டோர் வழியிலேயே இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தென்ஸ்க்வாதாவாவும் கடைசியில் கான்சாஸில்தான் 1836இல் இறந்தார்.

விரட்டியதை விலகிப் போனதாக மாற்றி எழுதினால் நிலம் வாங்கியவன் கை தானாகவே சுத்தமாகிவிடுகிறது. ரத்தக் கைச் சாபத்தை எழுதிய அதே பேனா, அடுத்த சில அத்தியாயங்களில் பட்டாவையும் எழுதிக் கொடுத்துவிட்டது. மேற்குக் கரை மக்களுக்கு ஆற்றைக் காக்கும் வலிமை கொடுத்திருக்கிறாரே என்று என் கணவர் வாதாடுகிறார். கொடுத்திருக்கிறார்தான். கிழக்கே போன வயல்களுக்கு யார் பதில் சொல்வது? இரவுச் சாப்பாடு வரை சண்டை. தீரவில்லை.

அக்டோபர் 30

மூன்றாவது, 'பிரென்டிஸ் ஆல்வின்'. இதுதான் முழுமையான நாவல் என்பேன்.

பண்ணையிலிருந்து தப்பும் அடிமைப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு பறந்து ஆற்றைக் கடக்கிறாள். கரிய இறகும் மெழுகும் கொண்டு செய்த மந்திரம். கரை சேர்ந்ததும் உயிர் போய்விடுகிறது. பறந்து தப்பிய அடிமைகளின் கதை ஜார்ஜியாக் கடலோரத் தீவுகளில் உண்மையாகவே வழங்குவது. 1803இல் செயின்ட் சைமன்ஸ் தீவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க இக்போ மக்கள் தண்ணீருக்குள் நடந்துபோன நிகழ்ச்சியைச் சுற்றியும் அந்தக் கதை வளர்ந்தது.

அந்தக் குழந்தைக்கு வைத்த பெயர் ஆர்தர் ஸ்டூவர்ட், கேமலாட் மன்னருடைய பெயர்! சத்திரத்தில் வளர்கிறான். யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிச் சொல்லும் வரம் அவனுக்கு. அவனைத் தேடி 'கண்டுபிடிப்பாளர்கள்' வருகிறார்கள். உரிமையாளர் பிறந்தவுடன் எடுத்துவைத்த முடியும் நகமும் போதும், மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். தப்பியவரைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டம் 1793இலேயே நிஜ அமெரிக்காவில் இருந்தது. 1850இல் இன்னும் இறுக்கினார்கள். நாவல் அதில் மந்திரத்தைக் கலந்ததே தவிரக் கொடுமையைக் கூட்டவில்லை.

ஆல்வின் அவனை ஓஹையோ ஆற்றில் முக்கி, உடலின் ஆழத்தில் இருக்கும் ஒரு சிறு துணுக்கை மாற்றிவிடுகிறான். முடியும் நகமும் இனி அவனுடையவை இல்லை. மோப்பக்காரர்கள் எதிரிலேயே நின்றும் அடையாளம் தெரியாமல் விழிக்கிறார்கள். ஆனால் அந்தக் குரல் வரம் போய்விடுகிறது. வளர்த்த தாயும் துப்பாக்கிக்குப் பலியாகிவிடுகிறாள். அவள் குரலைக்கூட இனி அவனால் திருப்பிச் சொல்ல முடியாது. இந்த இடத்தில் கார்ட் ஒரு வரி கூட அதிகம் எழுதவில்லை. நன்றி.

நவம்பர் 9

நான்காவதும் ஐந்தாவதும் ஓட்டமாக முடிந்தன. 1995, 1998. இடைவெளி தெரிகிறது. நான்காவதில் பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக், நெப்போலியன், ஒரு நீதிமன்ற வழக்கு. ஐந்தாவதில் நியூ இங்கிலாந்தில் சூனிய விசாரணை, நீதிபதி ஜான் ஆடம்ஸ், பறவை வரையும் ஆடுபான். திரும்பிய பக்கமெல்லாம் பிரபலங்கள். திருமண வீட்டு வாசலில் நின்று வரவேற்பது போல் ஒவ்வொருவராக வருகிறார்கள், வணக்கம் சொல்கிறார்கள், போகிறார்கள். மெஷர் மாதிரி, சத்திரக்காரி மாதிரி ஊர் பேர் தெரியாத ஆட்கள் ஓரங்கட்டப்பட்டுவிட்டார்கள். முதல் நான்கு நூல்களும் மாயக்கதைக்கான லோகஸ் விருது பெற்றவை. நான்காவதற்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆல்வினின் தம்பி கால்வின் மட்டும் விதிவிலக்கு. அதே ஆற்றல், பொறுமை கிடையாது. அவன் வரும் பக்கங்களில் உயிர் இருக்கிறது.

நவம்பர் 16

'தி கிரிஸ்டல் சிட்டி', 2003. நியூ ஆர்லியன்ஸுக்கு இங்கே நுவேவா பார்சலோனா என்று பெயர், ஸ்பெயின்காரர் கையில் இருக்கிறது. மஞ்சள் காய்ச்சல் பரவிய நகரத்திலிருந்து அடிமைகளையும் ஏழைகளையும் ஆல்வின் ஏரியின் மேல் பளிங்குப் பாலம் அமைத்து நடத்திக் கூட்டிப் போகிறான். மோசேயின் கதை அப்பட்டமாகத் தெரிகிறது. தெரியட்டும், தவறில்லை. இளைஞர் லிங்கனும் வருகிறார். இந்தப் பிரபலம் மட்டும் பொருந்துகிறது, ஏனென்றால் அவரை இன்னும் யாருக்கும் தெரியாது.

ஆனால் நகரம்? ஐந்து நூல்களாகக் காத்திருந்த அந்தப் பளிங்கு நகரம் அவசரமாக எழும்புகிறது. ஜோசப் ஸ்மித் தம் மக்களுக்காகக் கட்டிய நாவூ என்ற ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவருக்கு ஏமாற்றம் இன்னும் அதிகம். சதுப்பு நிலத்தை வடித்து, கல் உடைத்து, கோயில் எழுப்பி, அக்கம்பக்கத்தாரின் பகை வளர்ந்து, 1844இல் கார்த்தேஜ் சிறையில் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது வரை அந்த ஊருக்கு ஒரு கதை இருக்கிறது. இங்கே யார் சமைக்கிறார்கள், யாருக்கு யார்மேல் எரிச்சல் என்றே தெரியவில்லை. ஏழாவது நூலுக்காக வாசகர்கள் இருபது ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள். நான் அவசரப்படவில்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பழைய புத்தகக் கடையில் சொந்தமாக வாங்கிவிட்டேன். இரண்டாவதை மாமா ஊருக்கு எடுத்துப் போகிறாராம். ஆற்றங்கரை வழக்கில் அவர் யார் பக்கம் என்று படித்துவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.