57 வயதில் வீட்டிலிருந்தே செய்ய ஒரு வேலை தேடினேன்

2022 டிசம்பரில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. எனக்கு அப்போது 57 வயது. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் முப்பத்தோரு வருடம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று துறைமுகத்துக்குப் போகும் காகிதம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, பாத்ரூமுக்குக்கூட ஒரு ஆள் பிடிக்க வேண்டும். பையன் ஓசூரில் இருக்கிறான், அவனுக்கு அவன் குடும்பம். ஜனவரியில் வேலையை விட்டேன். பி.எஃப். பென்ஷன் முழுதாக வேண்டுமென்றால் 58 முடிந்த பிறகுதான், அதுவும் மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம். மருந்துக்கே அதைவிட அதிகம் ஆகிறது.

தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் 25,000, வயது தடையில்லை. அந்த 'வயது தடையில்லை'தான் என்னை இழுத்தது. அதற்கு முன் நான்கு இடத்தில் போன் செய்து கேட்டிருந்தேன். நான்கிலும் வயதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது.

போனில் பேசிய பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள். பதிவுக் கட்டணம் 2,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 2,360, முதல் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவோம் என்றாள். கட்டினேன். ஒரு லிங்க் அனுப்பினார்கள், அதில் ஒப்பந்தம் என்று பதினொரு பக்கம். கீழே டிக் அடித்தால்தான் உள்ளே விடும், அடித்தேன். ஆறு நாளில் 600 படிவம் அடித்து முடிக்க வேண்டும், 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். மங்கலான படங்களில் ஊர் பேர் தெரியாத ஆட்களின் பெயர், முகவரி, ஏதேதோ எண்கள். அவர் தூங்கும் நேரமெல்லாம் உட்கார்ந்து ஐந்தாவது நாளே முடித்துவிட்டேன். எட்டாவது நாள் பதில் வந்தது: 71 சதவீதம்தான் சரி, நிறுவனத்துக்கு நஷ்டம், ஒப்பந்தப்படி 6,800 ரூபாய் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் பலர், உண்மையிலேயே தாங்கள்தான் தப்பாக அடித்துவிட்டோம் என்று நினைத்துப் பயந்து பணம் கட்டிவிடுகிறார்கள். நான் 1984-ல் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவள். ஷிப்பிங் பில்லில் ஒரு எண் மாறினால் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். நூற்றுக்கு இருபத்தொன்பது தப்பு என் கையில் வராது. அந்த ஒரு நிச்சயம்தான் என்னைக் காப்பாற்றியது.

மறுநாள் வாட்ஸ்அப்பில் 'லீகல் நோட்டீஸ்' வந்தது. அசோகச் சின்னம், சிவப்பு முத்திரை, 'கைது வாரண்ட்' என்று கொட்டை எழுத்து. கை நடுங்கியது உண்மை. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். நோட்டீஸ் முழுக்க ஒரு எழுத்துரு, என் பெயரும் தொகையும் மட்டும் வேறொரு எழுத்துரு. யாருக்கோ அடித்ததில் என் பெயரை வெட்டி ஒட்டியிருந்தார்கள். வக்கீலின் பதிவு எண் எங்கும் இல்லை. பழைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. எண்ணில் பதினான்கு எழுத்துதான் இருந்தது. பதினைந்து இருக்க வேண்டும், தமிழ்நாடு என்றால் 33-ல் தொடங்க வேண்டும். வருடக்கணக்காக அடித்த எண், பணம் கட்டிய அன்று ஏன் பார்க்காமல் போனேன் என்று இன்னும் மனசு கேட்கவில்லை.

வீட்டுக்காரருக்கு அப்போது பேச்சே சரியாக வராது. வலது கையால் என் போனை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "எடுக்காத. நீ தப்பு பண்ணல" என்றார். அத்தனை நாளில் அவர் கோர்வையாகச் சொன்ன முதல் பேச்சு அது.

15100 இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசம்தான். அதில் பேசி, உயர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். ஒப்பந்தத்தை மீறினாய் என்று ஒருவர் சொன்னால் அது சிவில் விவகாரம், அதற்குக் கைது வாரண்ட் வராது, பதில் போடாதீங்கம்மா, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் என்றார். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கும் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். ஆனால் பணம் போய்ப் பத்து நாள் ஆகிவிட்டிருந்தது. பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே கூப்பிட்டால்தான், அது வங்கியில் இருக்கும்போதே நிறுத்திவைக்க வழி உண்டு. இன்னும் இரண்டு வாரம் விதவிதமான எண்களிலிருந்து மிரட்டினார்கள். நான் எடுக்கவில்லை. தானாக நின்றது.

நடுவில் டெலிகிராமில் ஓட்டல்களுக்கு ஸ்டார் போடும் வேலை என்று ஒன்று வந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு முதலில் 150, 300 என்று கொடுத்துவிட்டு அப்புறம் 18,000 வாங்கிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டதால் தொடவே இல்லை.

அதன் பிறகு நோட்டீஸ், விளம்பரம் எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். மத்திய அரசின் என்.சி.எஸ். என்ற வேலைவாய்ப்புத் தளத்தில் பதிந்து வைத்தேன். அதில் காசு கேட்பதில்லை. ஆனால் எனக்கு வேலை கிடைத்த வழி வேறு. எனக்கு என்ன தெரியும், அது தெரிந்த ஆள் யாருக்கு வேண்டும் என்று யோசித்தேன். பதில் வீட்டிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் நான் தட்டச்சு படித்த அதே இன்ஸ்டிடியூட்.

முன்பு நடத்தியவரின் மகள்தான் இப்போது நடத்துகிறார். இன்னும் மெஷின் சத்தம் கேட்கிறது. சும்மா ஒரு மெஷின் முன் உட்கார்ந்தேன், ய ள ன க என்று விரல் தானாகப் போனது. அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, ஸ்பீடு அப்படியே இருக்கு! நீ ஏன் வீட்ல குந்திக்கினு இருக்க?" என்றார். ஆடியோவைக் கேட்டுத் தமிழில் அடித்துத் தர ஆள் வேண்டும் என்று ஒரு நிறுவனம் அவரிடம் பழைய மாணவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தது. எண்ணை வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை முதலில் நிறுவனத்தின் பெயரை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினேன். பதிவு எண், தொடங்கிய வருடம், முகவரி எல்லாம் இருந்தன. ஜி.எஸ்.டி. எண்ணை வாங்கி ஜி.எஸ்.டி. தளத்திலும் பார்த்தேன். அவர்கள் என்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை, பத்து நிமிட ஆடியோ ஒன்றை அனுப்பிப் பரீட்சை வைத்தார்கள்.

அந்தப் பரீட்சையில் நான் தோற்றேன். வேகத்தில் இல்லை. பேசினவர் "வந்துக்கினு இருந்தான்" என்றால் நான் "வந்துகொண்டிருந்தான்" என்று அடித்திருந்தேன். முப்பது வருடப் பழக்கம், தப்பைப் பார்த்தால் விரலே திருத்திவிடும். அவர்களுக்கு வேண்டியது அப்படியே. இருமினால் இருமல் என்று குறிக்க வேண்டும், புரியாத இடத்தில் நேரத்தைப் போட வேண்டும். சரிபார்க்கும் தம்பி ஒருவர் போனில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, "இன்னொரு தடவை செஞ்சு அனுப்புங்கம்மா" என்றார். இரண்டாவது முறை தேறினேன்.

கம்ப்யூட்டரில் யூனிகோட், அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்து முறையில் கேட்டார்கள். புதிதாக ஒரு விசைப்பலகை கற்க வேண்டுமோ என்று பயந்தேன். என்.ஹெச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கொம்பை முதலில் அடித்து அப்புறம் எழுத்தை அடித்தாலும் யூனிகோடில் சரியாக வந்து உட்காருகிறது. என்னைப் போல மெஷினில் படித்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

பான் கார்டு, வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. கேட்டார்கள், கொடுத்தேன். ஆதாரில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் இருக்கிறது, அதைக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். ஓ.டி.பி. யாரும் கேட்கவில்லை. ஆடியோ ஒரு நிமிடத்துக்கு 18 ரூபாய். ஒரு மணி நேர ஆடியோவை முடிக்க எனக்கு முதலில் ஒன்பது மணி நேரம் ஆனது, இப்போது ஆறு. முதல் மாதம் 180 நிமிடம், 3,240 ரூபாய். இப்போது மாதம் ஏழாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு வருகிறது. பெரிய பணம் இல்லைதான், ஆனால் மருந்துக் கடைக்கும் பிசியோதெரபிக்கும் யாரிடமும் கேட்பதில்லை. அவர்கள் பிடித்த வரி என் பான் எண்ணில் வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவத்தில் அவர்கள் பெயரோடு தெரிந்தது. ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிவிட்டேன். அந்தப் படிவத்தைப் பார்த்த அன்றுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

வேலை நேரம் விடியற்காலை நாலு முதல் ஏழு. அதற்கு மேல் கன்டெய்னர் லாரி சத்தத்தில் ஹெட்போன் போட்டாலும் வார்த்தை பிடிபடாது. அவரும் எழுந்துவிடுவார். காதும் வலிக்கும், அதனால் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றி வைக்கிறேன். முதுகுக்கு ஒரு தலையணை.

போன வருடம் மீனவர்கள் பேசிய ஆடியோக்கள் வந்தன, தடைக்காலம் பற்றி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அந்த நாட்களில் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பேசுகிறார்கள். ஒரு பெரியவர் "கச்சான் அடிச்சா லாஞ்சு திரும்ப நேரமாவும்" என்கிறார். நான் அப்படியே அடித்து அனுப்பினேன். கச்சான் என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டுத் திரும்பி வந்தது. சரிபார்க்கும் தம்பிக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம். அது மேற்கிலிருந்து வரும் காற்று, லாஞ்சு என்றால் விசைப்படகு என்று எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "அம்மா, இந்த மாதிரி வார்த்தைங்க இன்னும் நிறைய வருது. ஒரு பட்டியல் போட்டுத் தர முடியுமா? அதுக்குத் தனியா பில் போடுங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் வந்து அப்பாவோடு இருக்கும்போது காசிமேடு போகிறேன். எனக்கு வழக்கமாகச் சங்கரா மீன் கொடுக்கும் அம்மாவிடம் உட்கார்ந்து, காற்றுக்கும் வலைக்கும் என்னென்ன பேர் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறேன். போன வாரத்தோடு நாற்பத்து மூன்று சொல் ஆகியிருக்கிறது.